பலாலி – திருச்சி விமானம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போகவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீற்றர்தான். சென்னை என்றால் அதில் இரண்டு மடங்கு. இந்தப் பாதையில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அந்தக் கணக்கில் 22 நிமிடம் அளவில் இறங்கிவிடலாம். ஆனால் அட்டவணையில் ஒரு மணித்தியாலம் அளவில் போட்டிருக்கிறார்கள். (இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், மணிக்கூட்டுக் குழப்பமும் இல்லை.) ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலேறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் சேர்ந்த நேரம் என்று விளங்குகிறது. சரி, உண்மையில் ஆசனத்தில் எவ்வளவு நேரம் இருக்கவேண்டி வரும்? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், காலை மடக்கியபடி கனநேரம் இருக்கமாட்டா.

இன்னொன்று, அந்த விமானத்தில் பின்கதவுதான் படிக்கட்டாக இறங்கும். படியேற முடியாதவர்களை ஏற்றிவிடப் பலாலியில் வசதி இருக்கிறதா? சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லவேண்டுமா? கொழும்புப் பக்கம் இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகப் போகச் சொல்கிறார் மாமா. அங்கே போகவே இரவு முழுக்க பஸ், அம்மா சம்மதிக்கவே மாட்டா. அண்மையில் வயதானவர்களோடு போனவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கோ.