ஆம்ஸ்டர்டாம், 1943: யூத நண்பரை ஒளித்துவைத்த வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன வழி?

கேள்வி:
ஜெர்மன் ஆக்கிரமிப்பில் ஒரு ஆம்ஸ்டர்டாம் குடும்பம் யூத நண்பரைப் பரணில் மறைத்துவைப்பதாக நாடகம் எழுதுகிறேன். அப்பா ரேஷன் ஆபீசுக்குப் போய், "ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்திருக்கிறார்" என்று சொல்லி ஒரு ஆளுக்குக் கூடுதலாகக் கூப்பன் வாங்குகிறார். இது நடக்குமா? சோதனை வந்தால் நண்பர் எங்கே ஒளிவார்?

பதில் 1:
நடக்காது. கூப்பன் வாங்க ஆளுக்கொரு மூல அட்டை, அதாவது அவரவர் பெயரில் பதிவான ரேஷன் அட்டை வேண்டும். நண்பரின் அடையாள அட்டையிலோ யூதர் என்று காட்டும் பெரிய 'ஜெ' முத்திரை இருக்கும். அதை வெளியே எடுத்தாலே ஆபத்து. இருக்கிற பங்கைப் பிரித்துச் சாப்பிட்டால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான். கறுப்புச் சந்தைக்குக் கை நிறையப் பணம் வேண்டும். தலைமறைவானவர்களுக்கு உதவ 1942 கடைசியில் எல்.ஓ. என்ற ரகசிய அமைப்பு உருவானது. அதோடு சேர்ந்து இயங்கிய எல்.கே.பி. என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் துப்பாக்கியோடு ரேஷன் ஆபீஸ்களைக் கொள்ளையடித்துக் கூப்பன் எடுத்தார்கள். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தனி ஆட்கள். அப்பாவுக்குப் பதில் அப்படிக் கூப்பன் கொண்டுவரும் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்துங்கள், காட்சி உண்மையாகிவிடும்.

பதில் 2:
போலி அடையாள அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். டச்சு அட்டையில் நீர்க்குறித் தாள், போட்டோ, கைரேகை எல்லாம் உண்டு. தெருவில் தப்பித்தாலும், சந்தேகப்பட்டு நகராட்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார். அதனால்தான் 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்புக் குழுவினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்கே தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். அதற்காக ஜூலையில் ஜெர்மானியர்கள் 12 பேரைச் சுட்டுக்கொன்றார்கள்.

பதில் 3:
பரண் வேண்டாம், முதலில் தேடுவது அங்கேதான். ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் ஹார்லெம் ஊரில் யூதர்களை ஒளித்துவைத்த டென் பூம் குடும்பம் செய்ததைப் பாருங்கள்: மாடிப் படுக்கையறையில் செங்கல் வைத்துப் பொய்ச்சுவர். பலகையாக இருந்தால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் என்று சத்தமே சொல்லிவிடும். நுழைவழி துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால், தவழ்ந்துதான் போகவேண்டும். 1944 பிப்ரவரி சோதனையில் அந்த இடுக்கில் 6 பேர் சுமார் இரண்டு நாள் நின்றும் அகப்படவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார்கள்.

மணி அடித்ததும் ஆள் மட்டும் உள்ளே போனால் போதாது. மெத்தையில் உடற்சூடு இருக்கும், திருப்பிப் போடவேண்டும். மேசையில் ஒரு தட்டு அதிகமாக இருக்கக்கூடாது. 1943-இல் யூதரைப் பிடித்துக்கொடுத்தால் தலைக்கு 7.50 கில்டர் (டச்சு நாணயம்) பரிசு; அதையே தொழிலாகச் செய்த கும்பல் ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. உங்கள் நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.