திருநங்கையாக இருப்பது அடையாளமா, மருத்துவ நிலையா?

கண்டனூரான்:
எங்கள் பங்காளி வீட்டுப் பையன், தான் பெண் என்று வீட்டில் சொல்லிவிட்டான். "டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்" என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஹார்மோன், அறுவை சிகிச்சை எல்லாம் ஆஸ்பத்திரியில்தானே நடக்கிறது? அப்படியானால் இது மருத்துவ நிலைதானே? புரியாமல்தான் கேட்கிறேன்.

தேவகோட்டை மருந்துக்கடை:
அண்ணே, என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். வாயும் வயிறுமாக இருப்பவளை நோயாளி என்றா சொல்கிறோம்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மனநோய்ப் பகுதியிலிருந்து இதை எடுத்து, பாலியல் நலப் பகுதியில் வைத்துவிட்டார்கள்.

கண்டனூரான்:
பட்டியலை விட்டே எடுக்கவில்லையே?

தேவகோட்டை மருந்துக்கடை:
அடியோடு எடுத்தால் சிகிச்சையும் காப்பீடும் கிடைக்காமல் போகும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களும் 2013இல் 'கோளாறு' என்ற சொல்லைக் கைவிட்டார்கள். உடலுக்கும் உணர்வுக்கும் பொருந்தாமல் வரும் வேதனையைத்தான் இப்போது கணக்கில் எடுக்கிறார்கள், அந்த ஆளை இல்லை.

புதுவயல் வாத்தியார்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. முப்பது வருடமாகப் பதின்வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இன்று ஒன்று சொல்வார்கள், நாளை வேறு சொல்வார்கள். அடையாளம் என்று விட்டுவிட்டால் யார் நிதானித்துப் பார்ப்பது? ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்பது அக்கறைதான், வெறுப்பு இல்லை.

பள்ளத்தூர் மகள்:
ஐயா, உங்கள் அக்கறையை நம்புகிறேன். நான் திருநங்கை. பதினாறு வயதில் அப்பா என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். இரண்டு வருடம் மாத்திரை. பகலெல்லாம் தூக்கம், பத்தாவதில் முதலாவதாக வந்தவள் பன்னிரண்டாவதில் தோற்றேன். நான் மட்டும் மாறவேயில்லை. பிறகு சென்னையில் நானே கேட்டு ஹார்மோன் எடுத்தேன். அதுவும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்தில்தான் எனக்குப் படிப்பும் வேலையும் திரும்ப வந்தன.

எங்கள் நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயிலிலும் கல்யாணமானவர்களுக்குத்தான் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. தம்பி புள்ளியாகிவிட்டான், வரி கட்டுகிறான். நான் எந்தக் கணக்கிலும் இல்லை. இதற்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

புதுவயல் வாத்தியார்:
உன் வலி புரிகிறதம்மா. ஆனாலும் சட்டத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டாமா?

பள்ளத்தூர் மகள்:
உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் சொல்லிவிட்டது: பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது. 2019 திருநர் சட்டமோ, ஆண் அல்லது பெண் என்று சான்றிதழ் மாற்ற ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்டது. கத்தி படாத உடம்பு என்றால் நான் பெண் இல்லையா? அந்த அளவுகோல் எனக்கு வேண்டாம் ஐயா.

தேவகோட்டை மருந்துக்கடை:
கண்டனூர் அண்ணே, 'சரியாக்குகிறேன்' என்று சொல்லும் டாக்டரிடம் மட்டும் போகாதீர்கள். அப்படி மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது.

புதுவயல் வாத்தியார்:
மாற்றுவதற்கு நானும் கேட்கவில்லை. பதினெட்டு வரை பொறுக்கலாம் என்கிறேன். அதில் மாற மாட்டேன்.

கண்டனூரான்:
எனக்கும் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆனால் நாளைக்குக் குறித்திருந்த டாக்டர் அப்பாயின்ட்மென்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளத்தூர் ஆச்சி, அந்தப் பிள்ளையிடம் உங்கள் நம்பரைக் கொடுக்கலாமா?