தமிழ் டெக் பிளாக்: இணைய முகவரியில் 'திருவொற்றியூர்' என்பது 'தரவறறயர' ஆகிவிடுகிறது

கொருக்குப்பேட்டை கோடர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், பைதான் நிரல்மொழி பத்தி தமிழ்ல எழுதுற சொந்த பிளாக் வச்சிருக்கேன். மார்க்டவுன்ல (எளிய குறியீட்டு உரை) எழுதி, சின்ன பைதான் ஸ்கிரிப்ட் வச்சு எச்டிஎம்எல் ஆக்கி, கிட்ஹப் பேஜஸ்ங்கிற தளத்துல ஏத்துறேன். படிக்கிறது பெரும்பாலும் நம்ம ஏரியா காலேஜ் பசங்க, அதுவும் போன்ல. உதாரணத்துக்கு எடுத்துக்கிற டேட்டா எல்லாம் கும்மிடிப்பூண்டி லைன் ஸ்டேஷன் பேருங்க.

தலைப்புல 'திருவொற்றியூர்'னு இருந்தா, பதிவோட இணைய முகவரியில 'தரவறறயர'னு விழுது. முகப்புல சுருக்கத்தை 120 எழுத்துல வெட்டுறேன். சில பதிவுல கடைசி எழுத்தோட புள்ளி காணாமப் போகுது. தேடல் பெட்டியில அதே பேரை அடிச்சா சிலருக்கு வருது, சிலருக்கு வரல. கோட் பிளாக்ல ஸ்டேஷன் பேரு வர்ற பத்தி எல்லாம் கோணலா நிக்குது. எழுத்துரு எது போடலாம்னும் சொல்லுங்க.

காசிமேடு கம்பைலர்

தம்பி, முதல் மூணும் ஒரே நோய்தான். கண்ணுக்கு 'திருவொற்றியூர்' 7 எழுத்து: தி, ரு, வொ, ற், றி, யூ, ர். பைதானுக்கு 14 கோட்பாயிண்ட் (யுனிகோட் எண் ஒவ்வொண்ணும் ஒண்ணு). கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும்.

ஸ்லக் (தலைப்புல இருந்து வர்ற முகவரித் துண்டு) எடுக்க, 'சொல்லுக்குள்ள வர்ற எழுத்து'ன்னு அர்த்தம் தர்ற 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' போட்டு, அதுல சேராததை எல்லாம் நீக்குறீங்கன்னு நினைக்கிறேன். யுனிகோட்ல உயிர்க்குறியும் புள்ளியும் 'மார்க்' வகை, பைதானோட ரீ மாட்யூல் (உரையில தேடி மாத்துற கருவி) அதை எழுத்தாவே சேர்க்காது. அதனால எல்லாம் உதிர்ந்து அகர மெய் மட்டும் மிஞ்சுது. பிப்-ல (பைதான் தொகுப்பு நிறுவி) கிடைக்கிற ரீஜெக்ஸ் மாட்யூல் போட்டா இது சரியாகும். ஆனா முகவரியில தமிழ் வைக்கவே வேணாம்னு சொல்வேன். ஒவ்வொரு தமிழ் கோட்பாயிண்டும் யுடிஎஃப்-8ங்கிற சேமிப்பு முறையில 3 பைட். முகவரியை காப்பி பண்ணும்போது ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோட 3 எழுத்து வரும். ஆக 14 × 9 = 126 எழுத்து, ஒரே ஊர் பேருக்கு! வாட்ஸ்அப்ல ஒட்டினா திரை முழுக்க சதவீதக் குறிதான். மார்க்டவுன் கோப்போட தலைப்பகுதியில ஸ்லக்னு ஒரு வரி வச்சு, ஆங்கில எழுத்துல 3, 4 சொல் கையால எழுதுங்க. எல்லாம் சின்ன எழுத்தா இருக்கட்டும். கிட்ஹப் பேஜஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும்.

சுருக்கம் வெட்டுறதுக்கு அதே ரீஜெக்ஸ் மாட்யூல்ல 'பேக்ஸ்லாஷ் எக்ஸ்' இருக்கு, அது முழு எழுத்தா பிரிச்சுத் தரும். 14 கோட்பாயிண்ட்ல 13ஓட வெட்டினா 'திருவொற்றியூர'னு நிக்கும், உங்களுக்கு ஆகுறது இதுதான். இன்னும் நல்லது, எழுத்தை விட்டுட்டு 20 சொல்லுன்னு இடைவெளியில வெட்டுறது. பாதிச் சொல் தொங்காது.

தேடல்: 'வொ'வுல இருக்கிற ஒகரக் குறியை ரெண்டு விதமா சேமிக்கலாம். ஒரே கோட்பாயிண்ட்டா ஒண்ணு, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா இன்னொண்ணு. பழைய எழுத்துருவுல இருந்து மாத்தின உரையில ரெண்டாவது வகை வரும், அப்போ அந்த ஊர் 15 கோட்பாயிண்ட். பார்க்க அச்சு அசல் ஒண்ணுதான், ஒப்பிட்டா வேற. பில்டு பண்ணும்போது உரையையும், பிரவுசர்ல தேடுற சொல்லையும் என்எஃப்சி-க்கு (ரெண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்குற யுனிகோட் முறை) நார்மலைஸ் பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் பண்ணினா பலனில்லை. என்எஃப்சி கூட காப்பாத்தாத ஒண்ணு: 'பௌர்ணமி'யை 'பெளர்ணமி'னு ளகரம் போட்டு அடிச்சிருப்பாங்க. அதை நீங்கதான் தேடித் திருத்தணும்.

ராயபுரம் ரெண்டர்

எழுத்துரு விஷயத்துல என் கருத்து: எதையும் ஏத்தாதீங்க. ஆண்ட்ராய்டுல நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸ்ல நிர்மலா யூஐ, ஆப்பிள்ல தமிழ் சங்கம் எம்என் ஏற்கெனவே இருக்கு. லோக்கல் டிரெயின்ல சிக்னல் விட்டு விட்டு வர்ற போனுக்கு, வராத எழுத்துருவுக்குக் காத்திருக்க வைக்கிறது பாவம்.

எழுத்து 18 பிக்சல், லைன்-ஹைட் (வரி உயரம்) 1.75 வையுங்க. ஆங்கிலத்துக்குப் போதுற 1.5ல தமிழ் மேல் வரி உகரக் கீழ்க்கோடும் கீழ் வரி இகர வளைவும் நெருங்கி முட்டும். லெட்டர்-ஸ்பேசிங் பூஜ்யம். ரெண்டு ஓரமும் நேராக்குற ஜஸ்டிஃபை வேணாம், நம்ம சொல்லுங்க நீளம், போன் அகலத்துல ஓட்டை ஓட்டையா இடைவெளி விழும். அழுத்தத்துக்கு சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. அழுத்தம் காட்டுற ஈஎம் டேகுக்கு ஃபான்ட்-ஸ்டைல் நார்மல், வெயிட் 600னு மாத்திடுங்க.

கோட் பிளாக் கோணலுக்குக் காரணம், மோனோ எழுத்துருல (எல்லா எழுத்தும் ஒரே அகலம்) தமிழ் இல்ல. பிரவுசர் வேற எழுத்துருல இருந்து எடுக்கும், அதுல 'ர்' ஒல்லி, 'ணை' அகலம். ஸ்பேஸ் அடிச்சு நேராக்க முடியாது. டேட்டாபேஸ் குவெரியை மட்டும் கோட் பிளாக்ல விட்டுட்டு, அதுக்கு வர்ற விடையை டேபிள் டேக்ல போடுங்க. தமிழ் கமெண்டை வரிக் கடைசியில வைக்காம தனி வரியில வையுங்க. 360 பிக்சல் போன்ல ரெண்டு பக்கமும் 16 பிக்சல் விட்டா, 14 பிக்சல் மோனோவுல வரிக்கு 39 எழுத்துதான் கொள்ளும். கோட் பிளாக்கோட ப்ரீ டேகுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கட்டாயம், இல்லன்னா பக்கமே பக்கவாட்டுல நகரும்.

கொருக்குப்பேட்டை கோடர்

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ'தான் இருந்துச்சு. ஸ்லக்கை மாத்தினா, ஏற்கெனவே பசங்க குரூப்ல போட்ட பழைய லிங்க் உடையுமே?

காசிமேடு கம்பைலர்

உடையும். கிட்ஹப் பேஜஸ்ல சர்வர் ரீடைரக்ட் (பழைய முகவரியை சர்வரே புதுசுக்குத் திருப்புறது) கிடையாது. அதனால பழைய முகவரியில ஒரு சின்ன எச்டிஎம்எல் விட்டு வையுங்க: புதுப் பக்கத்துக்கு உடனே தாவ வைக்கிற மெட்டா ரிஃப்ரெஷ் 0 விநாடி, இதுதான் அசல் முகவரின்னு தேடுபொறிக்குச் சொல்ற கனானிக்கல் லிங்க், கூடவே கிளிக் பண்ண ஒரு சாதாரண லிங்க். பழைய, புதிய ஸ்லக் ஜோடியை ஒரு கோப்புல வச்சு ஸ்கிரிப்டே இதை உருவாக்கட்டும்.

ஆர்எஸ்எஸ் (புதுப் பதிவை வாசகருக்குத் தெரிவிக்கிற ஃபீட்) இருந்தா ஜியுஐடி-யை (ஒவ்வொரு பதிவோட தனி அடையாளம்) மட்டும் தொடாதீங்க, பழைய முகவரியாவே இருக்கட்டும். அது லிங்க் இல்ல, வெறும் அடையாளம்னு சொல்ல இஸ்-பெர்மாலிங்க் ஃபால்ஸ்னு போட்டு, லிங்க் டேகுல புது முகவரி கொடுங்க. ஜியுஐடி மாறினா ஃபீட் ரீடர்ல எல்லாப் பழைய பதிவும் புதுசு மாதிரி மறுபடி வந்து நிக்கும்.