புதுப்பிப்பு: மகளை சி.பி.எல். பயிற்சியில் எப்போது சேர்ப்பது?

பிளஸ் டூ முடித்த கையோடு மகளை சி.பி.எல். என்னும் வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சிக்கு அனுப்புவதா, டிகிரி முடியட்டுமா என்று போன வைகாசியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

கைகொடுத்தது, ‘பணம் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை, அதாவது விமானிக்கான உடல் தகுதிச் சோதனையை முடியுங்க’ என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான். ஈரோட்டில் மஞ்சள் விற்ற பணத்தை முன்பணமாகக் கட்ட இருந்தோம், நிறுத்திவிட்டோம். முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல். கண்ணாடி போடுகிறாளே என்று பயந்தேன், அதில் சிக்கலே வரவில்லை. காதில்தான் வந்தது. கேட்கும் சோதனையில் இடது பக்கம் குறைவு என்றார்கள். பார்த்தால் வெறும் அழுக்கு அடைப்பு! கோபிசெட்டிபாளையத்திலேயே காது டாக்டர் எடுத்துவிட்டார், மறுசோதனையில் தேறினாள். அப்புறம் பெங்களூரில், உரிமத்துக்குத் தேவையான முதல் வகுப்பு மெடிக்கலும் கிடைத்தது.

டிகிரி கட்டாயமில்லை, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், உரிமம் வாங்கும்போது வயது 18ம் வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே வானிலை, விமான விதிகள் தேர்வுத் தாள்களுக்குப் படிக்கிறாள். தேற 70 சதவீதம் வேண்டும். தாள்களை முடித்த பிறகே 200 மணி நேரப் பறத்தலுக்குப் பணம் கட்டப் போகிறோம்.