பரிவர்த்தனை நிகழ்வு: கேட்பானா, செவிமடுப்பானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிளாக்செயின் செயலி உருவாக்கம் குறித்த பாடக்குறிப்பை இவ்வார இறுதிக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். 'ஈவென்ட் லிசனர்' (ஒரு நிகழ்வு நடந்ததும் செய்தி பெற்றுச் செயல்படக் காத்திருக்கும் நிரல்கூறு) என்பதற்கு மட்டும் மனநிறைவு தரும் சொல் இன்னும் அமையவில்லை. வரைவில் 'நிகழ்வு கேட்பான்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவரின் நிரல், பரிவர்த்தனையை அனுப்பியதும் ஒரு சுழலைத் தொடங்கி, பரிவர்த்தனை பதிவானதைக் காட்டும் 'ரசீது வந்துவிட்டதா' என்று நொடிக்கொருமுறை கணுவிடம் (பிளாக்செயின் வலையமைப்பிலுள்ள கணினியிடம்) வினவிக்கொண்டிருந்தது. எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் 12 நொடிக்கு ஒரு தொகுதி (பரிவர்த்தனைகளின் கட்டு) என்பதே கணக்கு. ஆகையால் பெரும்பாலான வினவல்களுக்கு வெற்று விடையே திரும்பியது. காரணம் வினவியபோது, "கேட்பான் என்றால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?" என்றார். அவர்மீது தவறில்லை. 'கேள்' என்னும் வினை வினவுதல், செவியால் ஏற்றல் ஆகிய இரண்டையும் சுமக்கிறது. நிரலாக்கத்திலோ அவை எதிரெதிரான இரு முறைகள். ஆகவே 'செவிமடுப்பான்' என்பதை முன்மொழிகிறேன்.

மறுமொழி:

ஐயா, தங்கள் சொல்லை முழுமனத்தோடு வரவேற்கிறேன். மடுத்தல் என்பதற்கு உட்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. வாய்மடுத்தல் பருகுதலைக் குறிப்பதுபோலச் செவிமடுத்தல் செவிவழியே உள்வாங்குதலைக் குறிக்கிறது. நிகழ்வு வந்தவுடன் அதன் தரவை வாங்கிக்கொள்ளும் செயற்கூறுக்கு இது மிகப் பொருந்தும். ஆயினும் 'கேள்' தன்னளவில் குறையுடைய சொல் அன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய 'கேள்வி', கற்றறிந்தோர் சொல்வதைச் செவியால் ஏற்பதைப் பற்றியதே. இன்று நாம் வினாவைக் கேள்வி என்பதுதான் அப்பொருளை மறைத்துவிட்டது. உறவைக் குறிக்கும் 'கேள்', 'கேளிர்' ஆகியவையும் ஒருவர் சொல்வதை மற்றவர் செவிகொடுத்துக் கேட்கும் நெருக்கத்திலிருந்து பிறந்தவையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உலாவி, செயலி என்பன போல 'கேட்பி' எனலாமே என்பாருக்கும் ஒரு சொல்: நன்னூல் வி, பி ஆகியவற்றைப் பிறவினை விகுதிகளாகச் சொல்கிறது; கேட்பி என்பது பிறரைக் கேட்கச் செய்வதாகிவிடும். 'கேளான்' என்றாலோ கேட்கமாட்டான் என்று எதிர்மறையாகிவிடும்.

மறுமொழி:

இருவருக்கும் வணக்கம். நாள்தோறும் இந்நிரல்களை எழுதுபவள் என்ற முறையில் சொல்கிறேன். தொடர்ந்து திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்பில் ஒருமுறை சந்தா செய்துவிட்டால் கணு தானாகவே செய்தியைத் தள்ளிவிடும். அது உண்மையான செவிமடுத்தல். ஆனால் வினவினால் மட்டும் விடைதரும் சாதாரண எச்டிடிபி இணைப்பில், நாம் கேட்பானைப் பதிவுசெய்தாலும், ஈதர்ஸ் போன்ற நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) உள்ளுக்குள் சில நொடிகளுக்கு ஒருமுறை வினவிக்கொண்டுதான் இருக்கிறது. 'கேள்' இரண்டையும் தாங்குவது அங்கே பிழையாகாது. மேலும் 'உறுதிப்பாட்டு நிகழ்வுச் செவிமடுப்பான்' என்று ஒரு மாணவர் எத்தனை முறை எழுதுவார்? 'போலிங்' (திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தல்) என்பதற்கு 'வினவல்' என்று தனிச்சொல் கொடுத்துவிடுங்கள். 'கேட்பான்' தன் பொருளில் தானே நின்றுகொள்ளும்.

எனக்குச் சொல்லைவிட எதைக் கேட்கிறோம் என்பதே பெரிய கவலை. பரிவர்த்தனையின் ஹாஷ் (அதன் தனி அடையாளக் குறி) கையில் வந்தவுடனே பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று காட்டும் திரைகளைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். ஹாஷ் வந்தால் அனுப்பியாயிற்று என்பதற்கு மேல் பொருளில்லை. ரசீது வந்தபின்னும் அதன் நிலை 1 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 0 என்றால் பரிவர்த்தனை தொகுதியில் ஏறியும் தோற்றுவிட்டது, கட்டணமும் போய்விட்டது. பாடக்குறிப்பு இதற்கு இடம் ஒதுக்கட்டும்.

மறுமொழி:

அம்மா சொல்வதை ஏற்கிறேன்; மற்ற நண்பர்களில் பெரும்பாலோரும் 'கேட்பான்' பக்கமே சாய்ந்திருப்பதால் நூலில் அதுவே செல்லும், 'வினவல்' அதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கும். ஆயினும் தொகுதிகள் மறுவரிசையாகும்போது (முன்பு ஏற்ற தொகுதிக்குப் பதில் வேறொன்று சங்கிலியில் இடம்பெறும்போது), முன்பு வந்த நிகழ்வே நீக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டு மீண்டும் வரும். ஒருமுறை கேட்டதும் பணி முடிந்தது என்று செவியை மூடிக்கொள்ளக் கூடாத அந்த இடத்தில் மட்டும் 'செவிமடுத்திருத்தல்' என்ற வினையை விட்டுவைத்திருக்கிறேன்.

மறுமொழி:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. என் மறுப்பை மட்டும் பதிவுசெய்கிறேன். 'கேட்பான்' படர்க்கை ஆண்பால் வினைமுற்றாகவும் நிற்கும். பழைய இலக்கணப்படி 'கேட்பான் வந்தான்' என்றால் கேட்பதற்காக வந்தான் என்று பான் ஈற்று வினையெச்சமாகவும் நிற்கும். 'அச்சமயத்தில் கேட்பான் நிறுத்தப்படும்' என்ற தொடரை மாணவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அடுத்த பதிப்பின்போது இதை மீண்டும் எழுப்புவேன்.