வல்லெட்டாவில் இரண்டு நாள்: முழங்கால் வலி உள்ள பெற்றோருடன் எந்த வரிசையில் பார்ப்பது?

நடைவழி:
அக்டோபரில் மால்டா போகிறோம். வல்லெட்டாவுக்குச் சனி, ஞாயிறு என இரண்டு முழு நாள் இருக்கிறது. அப்பா, அம்மா இருவருக்கும் முழங்கால் வலி. சமதளத்தில் நடப்பார்கள், படிக்கட்டுதான் சிரமம். தேவாலயம், அருங்காட்சியகம், துறைமுகக் காட்சி மூன்றும் வேண்டும். பூமிக்கடியில் பாறையைக் குடைந்த பழங்கால இடுகாடான ஹைபோஜியமும் பார்க்க ஆசை. எதை எந்த நாளில் வைப்பது? இருவரும் சுத்த சைவம், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

சுண்ணக்கல்:
ஹைபோஜியத்துக்கு இன்றைக்கே டிக்கெட் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரு சுற்றுக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் பாறைச் சுவரையும் அதிலுள்ள செங்காவிக் கோலங்களையும் அரித்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மறுநாள் சுற்றுக்கான சில டிக்கெட்டுகளைப் புனித எல்மோ கோட்டையில் காலையில் விற்பார்கள். கவுன்ட்டர் திறக்கும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். இடம் வல்லெட்டாவில் இல்லை, பாவ்லா என்ற பக்கத்து ஊரில். பூமிக்கடியில் படிகள் உண்டு, அதனால் பெற்றோரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அவர்களால் முடியாது என்றால் ரிபப்ளிக் தெருவிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகம் போதும். ஹைபோஜியத்தில் கிடைத்த ‘உறங்கும் பெண்’ சிற்பம் அங்கேதான் இருக்கிறது. படங்களில் பார்த்துவிட்டுப் பெரிய சிலை என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அசலோ சுமார் 12 செ.மீ. நீளமுள்ள சுடுமண் பொம்மை. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கட்டில் அவள் பாரத்தில் தொய்ந்திருப்பதைக்கூடச் செய்திருக்கிறார்கள். குனிந்து, நிதானமாகப் பாருங்கள்.

புனித ஜான் இணைப் பேராலயத்தைச் சனிக்கிழமை காலை திறந்ததும் முடித்துவிடுங்கள். ஞாயிறன்று பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். குதிகால் கூரான செருப்புடன் உள்ளே விடமாட்டார்கள். தரை முழுக்க, அன்று மால்டாவை ஆண்ட புனித ஜான் துறவிப் படைச் சபை வீரர்களின் கல்லறைப் பளிங்கு, ஏறத்தாழ 400 கற்கள். கூர்க்குதி பட்டால் பதித்த வண்ணக்கல் பெயர்ந்துவிடும். தோள் மூடிய உடை அவசியம்.

கரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த ‘புனித யோவானின் தலை வெட்டப்படுதல்’ பக்கவாட்டுக் கூடத்தில் இருக்கிறது. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான். பெயருக்கு முன்னுள்ள ‘எஃப்’ என்பது ‘ஃப்ரா’, அதாவது சபையின் சகோதரர் என்பதன் சுருக்கம். அதே ஆண்டு டிசம்பரில், இதே கூடத்தில், அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சிவப்பு எழுத்தின் முன் நின்றால் எளிதில் நகர மனம் வராது.

பெரிய பயணக் கப்பல் வந்து நிற்கும் நாளில் பத்து மணிக்குமேல் பேராலயத்தில் நெரிசல். துறைமுகத்தின் கப்பல் அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வரைபடம்:
மேலே சொன்னது சரி. நான் சரிவைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் பெற்றோருக்கு அதுதான் முக்கியம்.

ஊர் ஒரு குன்றின் முதுகில் இருக்கிறது. 1566-இல் இத்தாலியப் பொறியாளர் லாபரெல்லி வரைந்த நகரத் திட்டத்தில் குன்றைச் செதுக்கிச் சமமாக்கும் எண்ணமும் இருந்தது. துருக்கியர் மறுபடி வரலாம் என்ற அச்சத்தில் அது முழுதாக நடக்கவில்லை. அதனால் நீளவாக்குத் தெருக்கள் நடக்க எளிது, குறுக்குத் தெருக்கள் பல இடங்களில் வெறும் படிக்கட்டு. வரைபடத்தில் ‘200 மீட்டர்’ என்று காட்டுவதை நம்பிக் குறுக்கே இறங்காதீர்கள். ரிபப்ளிக், மெர்ச்சன்ட்ஸ் இரண்டு தெருக்களோடு நின்றுகொண்டால் முக்கால்வாசி ஊரைப் பார்த்துவிடலாம். மழை பெய்தால் வழவழத்துப்போன சுண்ணாம்புக்கல் வழுக்கும், ரப்பர் அடி போட்ட காலணி நல்லது.

சனி: பேராலயம், அங்கிருந்து மெதுவாக நடந்து பதினொன்றே முக்காலுக்குள் மேல் பரக்கா தோட்டம். நண்பகல் 12 மணிக்குக் கீழ்த்தளப் பீரங்கி வெடிக்கும், மாலை 4 மணிக்கு இன்னொரு முறை. மேல்தளத்திலிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை. 12-க்குச் சரியாகப் போனால் கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைக்காது. சாப்பிட்டுவிட்டுத் தொல்லியல் அருங்காட்சியகம்.

ஞாயிறு: அதே தோட்டத்து லிஃப்ட்டில் இறங்குங்கள். 58 மீட்டர் உயரத்தை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். மேலே ஏறுவதற்குத்தான் கட்டணம். கீழே சாலையைக் கடந்தால் படகுத்துறை, அங்கிருந்து மூன்று நகரங்களுக்குப் படகு. பெயர்க் குழப்பம் வரும், குறித்துக்கொள்ளுங்கள்: பிர்கு என்பதே விட்டோரியோசா, போர்ம்லா என்பதே காஸ்பிக்குவா, இஸ்லா என்பதே செங்லியா. படகு போர்ம்லாவில் நிற்கும், அங்கிருந்து பிர்குவின் கரையோரப் பாதை சமதளம். ‘டைசா’ என்ற சிறு மரப்படகு அழகுதான், ஆனால் ஆடும் படகில் கால் தூக்கி வைத்து ஏறணும். பெற்றோருக்குப் பெரிய படகே மேல். காற்று பலமாக இருந்தால் படகு நிறுத்தப்படும், பேருந்து வழியையும் பார்த்து வையுங்கள்.

உங்களுக்குத் தெம்பு இருந்தால் செங்லியா முனையிலுள்ள காவல்கூண்டு வரை போங்கள். சுவரில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கும். அங்கிருந்து தெரியும் வல்லெட்டாதான் முழு வல்லெட்டா.

நடைவழி:
மிக்க நன்றி இருவருக்கும். எல்மோ கோட்டையிலிருந்து நகர வாயிலுக்குத் திரும்பி ஏறணுமே, வாகனம் உண்டா?

வரைபடம்:
133 பேருந்து ஊரைச் சுற்றி வரும், நகர வாயிலுக்கு வெளியே நிலையத்தில் விடும். நிறுத்தத்தில் சும்மா நின்றால் ஓட்டுநர் நிறுத்தமாட்டார், கை காட்டணும்.

சுண்ணக்கல்:
சைவம் கேட்டிருந்தீர்களே. பஸ்டிட்சி என்ற பூரணம் வைத்த மொறுமொறுப்பான பலகாரத்தில் இரண்டு வகை: நடுவில் வாய் திறந்த படகு வடிவம் ரிகோட்டா பாலாடை, ஓரத்தில் மூடியது பட்டாணி. மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃப்டீரா ரொட்டியில் சூரை மீன் வைப்பதே வழக்கம், அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தக்காளி, ஆலிவ், கேப்பர் மட்டும் வைத்துத் தருவார்கள். ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும், சனி மாலையே பழமும் தண்ணீரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.