ஈய மணலில் மாட்டுத்தீவனம்: மக்காச்சோளத்தோடு தட்டைப்பயறு போட்டால் உரம் எப்படி வைப்பது?

கறவைக்காரி, பீடோர்:

வணக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் மலேசியத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டினவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லயத்தை விட்டு வெளியே வந்தோம். இப்போது என்னிடம் 6 கறவை, 3 கன்று. டவுனில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறேன்.

இத்தனை நாளும் ரோட்டோரத்திலும் செம்பனை வரப்பிலும்தான் புல் அறுத்தேன். யாரோ மருந்தடித்திருந்த புல்லைத் தெரியாமல் அறுத்துப் போட்டு, ஒரு கன்று மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை. பிழைத்துக்கொண்டது. அன்றைக்கே தீவனத்தை நாமே போடுவது என்று முடிவு செய்து, வெள்ளீயம் தோண்டி எடுத்த பழைய ஈயலாம்ப நிலத்தில் அரை ஏக்கர் வாடகைக்கு எடுத்தேன்.

எல்லாம் வெள்ளை மணல். அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது.

முதல் தடவை ஒரு வரிசை மக்காச்சோளம், ஒரு வரிசை தட்டைப்பயறு. 15:15:15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் நூற்றுக்கு 15) 50 கிலோ மூட்டையை விதைத்த அன்றே மொத்தமாகப் போட்டேன். அடுத்த மூன்று நாளும் மழை. ஒரு மாதத்தில் சோளத்தின் அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகிவிட்டன. பயறு மட்டும் பச்சையாக நின்றது.

இரண்டாம் தடவை யூரியா ஒரு மூட்டை, 50 கிலோ, இரண்டாகப் பிரித்து வைத்தேன். சோளம் ஆள் உயரம் வந்தது. ஆனால் பயறு அதன் நிழலில் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போய், அடி இலையெல்லாம் கொட்டிவிட்டது. பயறு போடுவதே உரச் செலவைக் குறைக்கத்தானே? அது சோளத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கும் என்றார்களே? எங்கே தப்பு செய்கிறேன்?

ஓய்வுபெற்ற தண்டல், தெலுக் இந்தான்:

தங்கச்சி, 30 வருடம் உரம் போடும் கும்பலை மேய்த்தவன் சொல்கிறேன். ஈயம் கழுவும்போதே களிமண் தண்ணீரோடு போய்விட்டது. உங்களுக்கு மிஞ்சியது மணல். சத்தைப் பிடித்துவைக்க அதில் ஒன்றுமில்லை.

முதல் தடவை போட்ட மூட்டையில் தழைச்சத்து ஏழரை கிலோதான், அதையும் மழை அடியில் இறக்கிவிட்டது. இரண்டாம் தடவை யூரியாவில் போனது 23 கிலோ. சும்மாவே கிடைக்கும்போது பயறு ஏன் வேரில் முடிச்சு போட்டு, காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்க உழைக்கப்போகிறது? சோளமும் மேலே ஏறி வெயிலை மறைத்துவிட்டது. 25 கிலோ யூரியா போதும். முளைத்து 2 வாரத்தில் கொஞ்சம், 4 வாரத்தில் கொஞ்சம், 6 வாரத்தில் மிச்சம். சோள வரிசையை ஒட்டி மட்டும் கீறி வைத்து மூடுங்கள், பயறு பக்கம் வேண்டாம்.

இன்னொன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பயறு கூடவே வளரும் சோளத்துக்கு ஊட்டிவிடாது. தன் தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால், மண்ணில் உள்ளதற்குச் சோளத்தோடு சண்டை போடாது, அவ்வளவுதான். பால்மரக் கன்றுகளுக்கு நடுவே புவேரேரியா, கலப்பகோனியம் கொடி விட்டோமே, அது மண்ணைக் கொழுக்க வைத்தது இலை அங்கேயே விழுந்து மக்கியதால். நீங்களோ கொடியை வேர் வரைக்கும் அறுத்து மாட்டுக்குப் போடுகிறீர்கள். அந்தச் சத்து சாணியாகத் திரும்பி வயலுக்குப் போகாவிட்டால் ஒவ்வொரு அறுப்பிலும் நிலம் இளைக்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) இன்னும் வேகமாகப் போகும். அடுத்த தடவை இலையின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால் அதுதான் காரணம், எம்ஓபி என்ற பொட்டாஷ் உரம் வேண்டும்.

மண் புளிப்பாகவும் இருக்கும். விதைப்பதற்கு 3 வாரம் முன்னே சுண்ணாம்பு போடுங்கள். அதையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிவிடும்.

பூக்கும் நேரத்தில் இரண்டு பயறுச் செடியைத் தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்.

ஆட்டுப்பட்டி, கோலகெட்டில்:

அக்கா, ஒன்றுக்கு ஒன்று வரிசை வேண்டாம். நான் இரண்டு வரிசை சோளம், இரண்டு வரிசை பயறு போடுகிறேன், பயறுக்கு வெயில் கிடைக்கிறது. பயறை 10 நாள் முந்தி விதைத்தால் இன்னும் நல்லது. மளிகைக் கடைத் தட்டைப்பயறே முளைக்கும், ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சோளக்கதிரைக் கிள்ளினால் பால் கெட்டியாகி மாவாகும் பருவம், அப்போது இரண்டையும் சேர்த்து அறுத்துவிடலாம். வெறும் சோளத்தட்டையில் புரதம் நூற்றுக்கு 8 அளவுதான், பயறுக்கொடியில் அதைப் போல இரண்டு மடங்கு. கறவைக்கு அது பெரிய விஷயம்.

வறட்சியைத் தாங்கும் என்று மக்காச்சோளத்துக்குப் பதில் தீவனச்சோளம் (சோர்கம்) போடச் சொல்வார்கள். போடலாம். ஆனால் முழங்கால் உயரப் பயிரையோ வெயிலில் வாடித் திரும்பத் துளிர்த்ததையோ கொடுத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் சயனைடு விஷம் மாட்டை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். பூத்த பிறகு அறுங்கள்.

கறவைக்காரி, பீடோர்:

தண்டல் ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று மாலை பால் கறந்துவிட்டு நேரே வயலுக்குப் போனேன். யூரியா வைத்த நடுப்பகுதியில் ஒரு செடியைத் தோண்டினேன். வேரில் கடுகு அளவில் நாலைந்து முடிச்சு, கிள்ளினால் உள்ளே வெள்ளை. உரம் எட்டாத வேலியோரம் இன்னொன்று. அதில் மிளகு அளவு முடிச்சு கொத்துக் கொத்தாக, கிள்ளினால் ரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு. ஐயா, நல்லது அதுதானே?

சாணி விஷயம் மனதைக் குத்துகிறது. இத்தனை வருடமும் கொட்டகைக்குப் பின்னால் திறந்தவெளியில் கொட்டி வைத்திருந்தேன். மழையில் கறுப்புத் தண்ணீராக வாய்க்காலுக்கு ஓடியதைத் தினம் பார்த்தும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஓய்வுபெற்ற தண்டல், தெலுக் இந்தான்:

சிவப்புதான் வேலை செய்யும் முடிச்சு. சாணிக் குவியலுக்கு மேலே முதலில் தகரம் போடுங்கள், தங்கச்சி. கொட்டகை கழுவுகிற மூத்திரத் தண்ணீரையும் விடாதீர்கள், சாம்பல்சத்து பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கறவைக்காரி, பீடோர்:

பழைய தகரம் 4 இருக்கிறது ஐயா. நாளைக்கே போட்டுவிடுகிறேன்.